நாய்க்கு உடம்பு சரியில்லை: காலை வரை காத்திருக்கலாமா?

(நாகபுரியில் நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது கிளைக் கூட்டங்களில் ரத்த அழுத்தம், முழங்கால் வலி, உயில் எழுதுவது, வைப்பு நிதி வட்டி ஆகிய எல்லாவற்றையும் பற்றிப் பேசியாகிவிட்டது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீங்கள் நாயைப் பற்றிப் பேசுங்கோ" என்றபோது, கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் நாய் இருக்கிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, முப்பது வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு கைகூட எழுந்திருக்காது. எழுந்திருந்தாலும் மெதுவாக, பக்கத்தில் மாமியார் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் எழுந்திருக்கும்.

இப்போதைய நிலைமை வேறு. பிள்ளையோ பெண்ணோ பெங்களூரிலோ புனேயிலோ ஆசையாக ஒரு லாப்ரடார் குட்டி வாங்குகிறார்கள். ஒன்றரை வருஷத்தில் வெளிநாட்டு மாற்றல் வருகிறது. "அப்பா, ஆறு மாசம்தான், பார்த்துக்கோங்கோ" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஆறு மாசம் ஆறு வருஷமாகிறது. அதற்குள் அந்த வாயில்லா ஜீவன் நம்முடைய பேரக்குழந்தை மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அதற்கு ஏதோ ஆகிறது. வீட்டில் இருப்பது எழுபது வயதுத் தம்பதி, மூன்றாவது மாடி, கார் கிடையாது. காலை வரை காத்திருக்கலாமா, இப்போதே ஓட வேண்டுமா? நான் இன்று பேசப்போவது இந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும்தான்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. 1970-ல் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத மத்திய அரசு உத்தியோகத்தில் காலம் தள்ளி, 2010-ல் ஓய்வு பெற்றவன். ஆனால் நாற்பது வருஷமாக வீட்டில் நாய் இல்லாத நாள் குறைவு. எங்கள் பேட்டை கால்நடை டாக்டர் பொறுமைசாலி. நான் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிவிட்டார். வைத்தியம் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை. எப்போது வைத்தியரிடம் ஓட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். நாய் தன் வலியைச் சொல்லாது என்பது மட்டுமல்ல, மறைக்கவும் செய்யும். காட்டில் பலவீனத்தைக் காட்டிய மிருகம் பிழைக்காது. அந்தப் பழக்கம் சோபாவில் படுத்துத் தூங்குகிற நாய்க்கும் போகவில்லை. ஆகவே நாய் அழுதால்தான் வலி என்று நினைக்காதீர்கள். எப்போதும் வாசல் மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடுகிற நாய், இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டால், அது ஒரு செய்தி. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் அது இன்னும் பெரிய செய்தி.

மூக்கைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று ஒரு சாஸ்திரம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதை மறந்துவிடுங்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும், சாகக் கிடக்கிற நாய்க்கும் ஈரமாக இருக்கும். அதற்குப் பதிலாக மூன்று பரீட்சைகள் சொல்கிறேன், மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகாது.

ஒன்று, ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு தரம் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, அல்லது ரத்த அணுக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன, அல்லது ரத்த ஓட்டமே தளர்ந்துவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் பிராணவாயு போதவில்லை. செங்கல் நிறம் என்றால் உடம்பு கொதிக்கிறது, அல்லது ரத்தத்தில் விஷம் பரவியிருக்கிறது. மஞ்சள் என்றால் காமாலை. மஞ்சளுக்கு அன்றைக்கே போக வேண்டும். மற்ற மூன்றுக்கும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். நமது நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும், நாய் நன்றாக இருக்கும்போதே, ஒரு தரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிறம் எதுவென்று தெரியாமல் கெட்ட நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு, மூச்சு. நாய் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் நிம்மதியாகத் தூங்கும்போதே நாற்பதைத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது. கழுத்தை நீட்டிக்கொண்டு, முன்னங்கால் முட்டிகளை அகட்டிக்கொண்டு, படுக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள், கிளம்புங்கள்.

மூன்று, காய்ச்சல். நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் டிகிரி வரை. நம்முடைய 98.6 கணக்கை அதற்குப் போடக் கூடாது. நமது அன்பர் ஒருவர் 101.5 இருக்கிறதே என்று பதறி, தன் மாத்திரை டப்பாவிலிருந்து ஒரு பாரசிட்டமாலை எடுத்து நாயின் வாயருகே கொண்டு போய்விட்டார். நல்லவேளை, தற்செயலாக எனக்குப் போன் செய்தார். நாய்க்கு ஒன்றுமே இல்லை. 104-ஐத் தாண்டினால் டாக்டருக்குப் போன். 106 என்றால் உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி 99-க்குக் கீழே இறங்கினாலும் கவலைப்பட வேண்டும்.

இனி, காலை வரை காத்திருக்கவே கூடாத விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி விவரிக்கப் போவதில்லை. சிலவற்றைத் தெரியாததால்தான் நாய்கள் வீணாகச் செத்துப்போகின்றன, அவற்றில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன்.

ஜபல்பூரில் என்னுடன் வேலை பார்த்தவர் ஒரு அல்சேஷன் வளர்த்தார். எட்டு வயது, கம்பீரமான நாய். ஒரு நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிட்டது. பத்து மணி சுமாருக்கு நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் நடந்தது. வாந்தி எடுப்பதுபோல் திரும்பத் திரும்பக் குமட்டியது, ஆனால் நுரைத்த எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வயிறு உப்பியிருந்தது. தட்டினால் மிருதங்கத்தில் தட்டியது மாதிரி சத்தம். வீட்டுப் பெரியவர்கள் 'வாயுதான்' என்று ஓமத் திரவம் கொடுத்தார்கள், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். விடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று படுத்தார்கள். நாலு மணிக்கு நாய் போய்விட்டது. காலையில் அவர் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு, அதாவது அல்சேஷன், டாபர்மேன், கிரேட் டேன் போன்றவற்றுக்கு, இரைப்பை காற்றால் ஊதிப்போய் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். பையின் வாயைத் திருகிக் கட்டின மாதிரி இரண்டு பக்கமும் வழி அடைந்துவிடும். அதனால்தான் குமட்டல் வருகிறது, வாந்தி வருவதில்லை. ஊதின இரைப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்புகிற பெரிய குழாயை அமுக்குகிறது. இரைப்பைச் சுவருக்கே ரத்தம் போகாமல் அது அழுக ஆரம்பிக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. காற்றை வெளியேற்றி, அறுவை செய்து, முறுக்கைப் பிரித்துத் தைக்க வேண்டும். சில மணி நேரமே அவகாசம். சீக்கிரம் கொண்டுபோன நாய்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. 'உப்பின வயிறு, வராத வாந்தி' என்ற நான்கு வார்த்தைகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாயானால், ஒரே வேளையில் மலைபோல் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

அடுத்தது பெண் நாய்களைப் பற்றியது. சபையில் இதைப் பேசலாமா என்று செயலாளர் முகத்தைப் பார்க்கிறேன். பேசித்தான் ஆக வேண்டும், உயிர் விஷயம். கருத்தடை அறுவை செய்யாத பெண் நாய்க்கு, பருவம் முடிந்து நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாம். நடுவயதைக் கடந்த நாய்களுக்கு அதிகம் வரும். எங்கள் அடுத்த பிளாட் மாமி வீட்டு லாப்ரடாருக்கு ஏழு வயது. குடம் குடமாக ஜலம் குடிக்கிறது, ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது, சாதத்தைத் தொடவில்லை. மாமி சிரித்துக்கொண்டே, "எங்களோடயே இருந்து இருந்து இதுக்கும் சர்க்கரை வந்துடுத்து மாமா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்போ பருவம் முடிஞ்சது மாமி?" என்று கேட்டேன். ஒரு மாசம் ஆகிறதாம். பின்பக்கம் துர்நாற்றத்தோடு கசிவு ஏதாவது உண்டா என்றால், இல்லை. கசிவு இருந்தால் ஒருவிதத்தில் அதிர்ஷ்டம், கண்ணுக்குத் தெரிந்துவிடும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் சீழ் முழுவதும் உள்ளேயே தேங்கி நிற்கும். அதுதான் அதிக அபாயம். அன்று மாலையே கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டர் இரவே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தார். பத்தாம் நாள் தையல் பிரித்தாயிற்று. இப்போதும் லிப்டில் என்னைக் கண்டால் பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று மோந்து பார்க்கும். குட்டி வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் முன்கூட்டியே கருத்தடை செய்துவிட்டால் இந்த வியாதிக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

மூன்றாவது வெயில். இதை நாகபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த உரை நமது பத்திரிகையில் வந்து மற்ற ஊர்களுக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கி, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். ஜலம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானையின் தத்துவம்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் குளிராது, நாயும் குளிராது. ஆகவே 'எங்கள் ஊரில் 36 டிகிரிதானே' என்று சென்னைக்காரர்களும் மும்பைக்காரர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். இரட்டிப்பு ஆபத்து.

ஒரு மே மாதம், என் பெண்ணின் பக் எங்கள் வீட்டில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு, கூலர் ஓடவில்லை. நாய் புஸ் புஸ் என்று மூச்சு விட்டது, கயிறு மாதிரி எச்சில் வடிந்தது, எழுந்து நடந்தால் தள்ளாடியது. ஈறு செங்கல் நிறம். இந்த ஒரு சங்கதியில் மட்டும், ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். குழாயைத் திறந்தால் மாடித் தொட்டி ஜலம் கொதிக்கும், அது உதவாது. குளியலறை வாளியில் காலையில் பிடித்து வைத்த ஜலத்தைச் செம்பு செம்பாக உடம்பு முழுவதும், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் விட்டேன். என் மனைவி விசிறியால் விடாமல் வீசினாள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு உட்காருவது தவறு, துண்டு சூடேறிக் கம்பளி ஆகிவிடும். ஜலம் ஓட வேண்டும், காற்று பட வேண்டும். 103.5-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். நாய் தேறிவிட்டதே, இனி எதற்கு டாக்டர் என்று கேட்காதீர்கள். அதிக வெப்பம் சிறுநீரகத்தையும் ரத்த உறைவையும் பாதித்திருந்தால் அது மறுநாள்தான் தெரியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், கல் அடைத்திருக்கலாம். அன்று இரவே போக வேண்டும். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும் அப்படியே. வலிப்பின்போது கையில் சாவிக்கொத்து வைப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது எதுவும் வேண்டாம். மேஜை நாற்காலியை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு தரம் வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டுகிற நாய்க்கு அவசரம் இல்லை. குடித்த ஜலம்கூடத் தங்காமல் திரும்பத் திரும்ப எடுத்தால், அல்லது ரத்தம் கலந்திருந்தால், அவசரம். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும், நாற்றமடிக்கும் ரத்தப்பேதியுமாக இருந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். குட்டிக்கு அரை நாள்கூடப் பெரிய தாமதம்.

உண்ணிக் காய்ச்சலை நமது நாட்டில் மறக்கவே கூடாது. பழுப்பு உண்ணி கடித்துப் பரப்புகிற கிருமிகள் ரத்த அணுக்களைத் தாக்கும். நாய் நாலு நாளாகச் சோர்ந்திருக்கும், 'வயசாச்சு' என்று விட்டுவிடுவோம். மூக்கில் ரத்தம் வந்தால், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால், அந்த நாளே ரத்தப் பரிசோதனை.

விஷம் பற்றி. எலி மருந்தில் இரண்டு தினுசு உண்டு. கேக் மாதிரி விற்பது ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற அன்று நாய் குதித்துக்கொண்டிருக்கும், மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பிக்கும். தின்றதாகத் தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் போனால், வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்றலாம். கறுப்புப் பொடியாக விற்பது துத்தநாக பாஸ்பைடு. அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாகிறது. அதற்குப் பாலோ சாதமோ கொடுத்தால் அமிலம் கூடும், நிலைமை மோசமாகும். வண்டியில் போகும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது. எந்த விஷமானாலும் உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லும். மருந்துப் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சமையலறையிலும் விஷம் இருக்கிறது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடுகிற உலர் திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும், எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயம் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட் ஆகாது. நம்மில் சர்க்கரைக்காரர்கள் வைத்திருக்கும் சர்க்கரையில்லா மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை மணிக்கணக்கில் அல்ல, நிமிஷக்கணக்கில் இறக்கிவிடும். நமது முழங்கால் வலி மாத்திரைகளில் ஒன்றைக்கூட, கால் மாத்திரைகூட, டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை நாய்க்காக அல்ல, உங்களுக்காக. நாயின் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, விழுங்க முடியாமல் இருந்தால் 'எலும்பு மாட்டிக்கொண்டது' என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம், தெருநாய்களிடம் முக்கியமாக. கடித்தாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடுகிற ஜலத்தில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வெளிப்பட்ட பிறகு மனிதனுக்கும் வைத்தியம் இல்லை.

வலியில் இருக்கிற நாய் எஜமானரையும் கடிக்கும். பழைய வேஷ்டிக் கரையைக் கிழித்து வாயைச் சுற்றிக் கட்டலாம், ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் கட்டக் கூடாது. முப்பது கிலோ நாயை நம் வயதில் தூக்க நினைக்காதீர்கள். போர்வையில் படுக்கவைத்து இரண்டு பேர் நுனிகளைப் பிடித்து இறக்குங்கள். வாட்ச்மேனைக் கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ராத்திரி எந்த டாக்டர் இருப்பார், யார் வண்டி எடுப்பார்?" நியாயமான கேள்வி. பெரிய நகரங்களில் இப்போது இரவிலும் திறந்திருக்கும் நாய் ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. சிறிய ஊர்களில் இல்லை. உங்கள் டாக்டரிடம் பகலிலேயே, நாய் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்: "ராத்திரி போன் செய்தால் எடுப்பீர்களா? இல்லையென்றால் யாரிடம் போகச் சொல்வீர்கள்?" பதிலை எழுதி, நாயின் எடை, தடுப்பூசித் தேதிகள், சாப்பிடுகிற மருந்துகளையும் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டார்கள், ராத்திரியில் நிச்சயமாக மாட்டார்கள். எங்கள் காலனி முனையில் நிற்கிற ஒரு ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன். வாடகைக்கு மேல் நூறு ரூபாய், சீட்டில் விரிக்க நம்முடைய பழைய பெட்ஷீட். இதுவரை இரண்டு தடவை நள்ளிரவில் வந்திருக்கிறார். ஒரு தடவை எனக்காக, ஒரு தடவை அந்த லாப்ரடார் மாமிக்காக. அவருடைய நம்பர் வேண்டுபவர்கள் காபி சமயத்தில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.